ரெங்கசாமி மகள் வீரம்மாவின் முக்கால் ஏக்கர்

கன்னையாவின் முழங்கால்கள் இரண்டும் அன்றைக்கு மடங்க மறுத்தன. இருபத்திரண்டு வருஷம் காப்பார் ரோட்டோரம் குத்துக்காலிட்டுக் கருங்கல் உடைத்த முழங்கால்கள். மழை வரப்போகிறது என்றால் வானத்துக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். கிள்ளான் நில ஆபீசில் கூலிக்காரர்களுக்குப் பெஞ்சு கிடையாது. நிற்கலாம், இல்லாவிட்டால் தரையில் குந்தலாம். கன்னையாவால் இரண்டும் முடியவில்லை. சுவரில் முதுகைக் கொடுத்து, பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே ஒன்பது மணியிலிருந்து நின்றான். பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு ஆகியிருந்தது.

வலி பெரிதாகத் தெரியவில்லை. கிராண்டு வாங்கப் போகிறவனுக்கு முழங்கால் வலி ஒரு வலியா?

இந்த நிலக்கதை தொடங்கியது முப்பத்துநாலாம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, எஸ்டேட்டிலும் ரோட்டு வேலையிலும் ஆளைக் கழித்துக் கழித்து ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு, பிறகு ஆள் போதவில்லை என்று அரசாங்கம் தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரம். போகாமல் தங்கிவிட்ட பழைய கூலிகளுக்குக் காப்பார் ரோடு ஏழாவது மைலில் ஆளுக்கு முக்கால் ஏக்கர் அளந்து கொடுத்தார்கள். முதல் மூன்று வருஷம் வெறும் லைசன்சு. நிலத்தைச் சும்மா போடாமல் பயிர் செய்து காட்டினால் கிராண்டு, அதாவது நம்ம ஊர்ப் பட்டா. பத்து வருஷம் இந்தச் சீமையில் உழைத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் ராஜாவின் பிரஜையாக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைதான். இரண்டாவதை ஒருத்தரும் நிபந்தனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி, சேலம் என்று வந்தவர்கள். அவர்கள் வேறு யார் பிரஜை?

மூன்று வருஷமும் கன்னையாவும் அவன் பெண்சாதி வீரம்மாவும் விடிகிறதற்குமுன் ஒரு மணி நேரம், வேலை விட்டுவந்து இருட்டுகிறவரை அந்த மண்ணில்தான் கிடந்தார்கள். லாலான் புல்லை வேரோடு கெல்லி, மரவள்ளி ஊன்றி, வாழை வைத்து, ஒரு கிணறும் தோண்டினார்கள். ஐம்பது வயசுக்குமேல் கல்லுடைக்க முடியாது. முடியாதவனைக் கூலி லயத்து அறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கன்னையாவுக்கு நாற்பத்தாறு. இந்த மண் கைக்கு வராவிட்டால் இன்னும் நாலு வருஷத்தில் ரோட்டோரம்தான். கணக்கு அவ்வளவுதான்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மாரிஸ் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை, வேதக்காரர். தினமும் ரயிலில் கிள்ளானுக்கு வந்துபோகிறவர். கன்னையாவின் மனுவுக்கு மேலே ஒரு பழுப்பேறிய காகிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"கன்னையா, இந்தக் காயிதத்த யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்கய்யா. நானாத்தான் வச்சேன்." கன்னையாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. "எங்க ரோட்டுக் கேங்கு பூரா தேடினாலும், பொறந்ததுக்குக் காயிதம் வச்சிருக்கற ஆளு நான் ஒருத்தன்தாங்க. பாருங்க, முத்திரையெல்லாம் இருக்கு."

"முத்திரை இருக்குய்யா. யாரு முத்திரை? பிரெஞ்சுக்காரன் முத்திரை."

"ஆமாங்க. திருமலராயன்பட்டினம். காரைக்காலுக்குக் கிட்டக்க."

"அப்ப நீ பிரெஞ்சுப் பிரஜை."

கன்னையா மறுபடி சிரித்தான். கிராணி தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தான். கிராணி சிரிக்கவில்லை.

"எனக்கு ஊரு நாகூருக்கு மேக்கேங்க. எங்கப்பன், பாட்டன், அவன் பாட்டன் எல்லாம் அங்கதான் நாத்து நட்டானுங்க. பிரிட்டிஷ் சீமைங்க. பிரெஞ்சுக்காரன நான் கண்ணால பாத்ததுகூட இல்லீங்க."

"பாக்காமத்தான் அவன் ஊர்ல பொறந்தியா?"

"தலைச்சன் புள்ளைங்க நான். தலைச்சன் பிரசவம் ஆத்தா வீட்டுலதானுங்களே? எங்காத்தா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைச்சிக்கிட்டுப் போனாங்க. பொறந்து மூணாம் மாசம் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அதுக்கப்பறம் அந்த மண்ண நான் மிதிச்சது எங்க மாமன் செத்தப்ப ஒருதரம்."

மாரிஸ் கிராணி பேனாவைக் கீழே வைத்தார். அவர் அம்மாவும் தலைச்சனுக்குத் தாய்வீடு போனவள்தான். சமாச்சாரம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அதை எழுதுவதற்கு மனுவில் கட்டம் இல்லை.

"எனக்குச் சொன்னா சரி. இத துரைகிட்ட எப்படிய்யா சொல்றது? சட்டத்துல தாய்வீடுன்னு ஒண்ணு கெடையாது. எங்க விழுந்தியோ அங்கத்தவன் நீ. மத்தவனெல்லாம் தஞ்சாவூர் ஜில்லான்னான், எழுதிக்கிட்டேன், முடிஞ்சுபோச்சு. நீயும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா? காயிதத்தக் கொண்டாந்து நீட்டி, துரை அதுல பென்சில் கோடும் போட்டுட்டார்."

கோட்டைக் காட்டினார். நீலக் கோடு. கன்னையாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கோடு என்றால் என்ன என்று தெரியும். ரோட்டில் எந்தக் கல்லில் கோடு போடுகிறார்களோ அந்தக் கல் உடைபடும்.

"மாசக் கடைசி வரைக்கும் டயம். அதுக்குள்ள தகுதியான ஆளுன்னு காட்டாட்டி, லைசன்சு ரத்து. நெலம் லிஸ்டுல அடுத்த பேருக்குப் போகும்."

"அடுத்த பேரு யாருங்க?"

"சின்னையா. ஒங்க கேங்குதான்."

தெரியாத பெயராக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சின்னையா பக்கத்து அறைக்காரன். சுவர் பலகையில் இருந்த ஓட்டை வழியாக நெருப்புக்கொடுத்து வாங்கிக்கொள்கிற மனுஷன். கன்னையா காகிதத்தை வாங்கிச் சுருட்டி, இருபத்திரண்டு வருஷமாக அது குடியிருந்த மூங்கில் குழாய்க்குள் செருகினான். கப்பலில் வாந்திக்கும் உப்புத்தண்ணீருக்கும் நடுவே மார்போடு அணைத்துக் கொண்டுவந்த குழாய். படிக்காதவனுக்கு ஒரு காகிதம் என்றைக்காவது கைகொடுக்கும் என்று, மாமன் உயிரோடிருந்தபோது ஊருக்கு வந்து சொல்லிக் கொடுத்தது.

ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் கடைவரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு மனு எழுதுகிறவர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்தால் பெண்சாதி வேலை சொல்கிறாள் என்று இங்கே வந்து உட்கார்ந்திருப்பதாக அவரே சொல்வார். கன்னையாவின் மனுவை எழுதியவரும் அவர்தான். முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உந்தக் காகிதத்தை எனக்குக் காட்டாமல் உள்ளுக்கை கொண்டுபோய்க் குடுத்தனீரோ?"

"ஆமாங்க."

"கெட்டிக்காரன் காணும் நீர். ஊரெல்லாம் காகிதம் இல்லாமல் அழுகுது. நீர் காகிதம் இருந்து அழுகிறீர்."

"இப்ப என்னங்கய்யா வழி?"

"உம்மடை பேரிலை காணி வராது. அதை விடும். உம்மடை பெண்சாதி எங்கை பிறந்தவ?"

"அது எங்க பக்கத்து ஊருதாங்க. அப்பன் வீட்டுலயே பொறந்தது. மூணாவது பொண்ணு."

மூன்றாவது பிள்ளைக்கு யாரும் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்புவதில்லை. களை எடுத்துவிட்டு வந்து சாயங்காலம் பெற்றுப்போட்டாளாம் வீரம்மாவின் தாய். அந்த அலட்சியம் இப்போது ஒரு சொத்தாகிவிட்டது.

"அவவும் ரோட்டு வேலைதானே? பத்து வருஷத்துக்கு மேலை?"

"பதினெட்டு வருஷமுங்க. கல்லுச் சொமக்குது."

"அப்ப, காணியிலை பயிர் செய்தவ எண்டு லிஸ்டுக்கு முந்தி அவவின்ரை பேரிலை புது மனுப் போடலாம்." கார்த்திகேசு பேனாவை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. "இல்லை. பொறும். ஒரு சிக்கல் கிடக்கு. புருசன் எந்த ராச்சியமோ, கட்டின பெண்சாதியும் அந்த ராச்சியம். வெள்ளைக்காரன்ரை சட்டம் அது. உம்மைக் கட்டினதோடை அவவும் பிரெஞ்சுக்காரி ஆயிட்டா."

எதிரே மாட்டுவண்டி ஒன்று தேங்காய் மூட்டையோடு போயிற்று. கன்னையா அது திரும்புகிறவரை பார்த்தான். காப்பார் ரோட்டு மாரியம்மன் மரத்தடியில், கல்லுச் சுமக்கிற கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டவள். அவள் பிரெஞ்சுக்காரியாம். சிரிப்பு வரவில்லை.

"உங்கடை கலியாணம் எங்கையேன் பதிஞ்சு கிடக்கோ?"

"இல்லீங்க. சாமி முன்னாடி கட்டினது."

"அப்ப சாமிக்கு மட்டுந்தான் தெரியும்." கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். "கலியாணமாகாத பொம்பிளை எண்டு எழுதினால் காணி வரும். நான் சொல்லேல்லை. நீங்கள் ரெண்டுபேரும் பேசி, என்ன எழுதவேணும் எண்டு வந்து சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை எழுதுறதுதான் என்ரை வேலை."

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வேலை விட்டிருந்தது. சேதி அவனுக்கு முந்தியே வந்திருந்தது. சின்னையா வாசலில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு, தோள் துண்டால் தட்டினான்.

"வாங்க பிரெஞ்சு துரை! ஒக்காருங்க! டேய், துரைக்குச் சாராயமா தண்ணியா, என்னான்னு கேளுங்கடா!"

கேங்கு முழுக்கச் சிரித்தது. கன்னையாவும் சிரித்துவைத்தான். சிரிப்பு அடங்கியதும் சின்னையா கிட்டே வந்து, "எனக்கு ஆபீசுலேருந்து சேதி சொல்லி அனுப்பியிருக்காங்கண்ணே. ஒனக்கு இல்லன்னா எனக்குன்னு. நான் கேக்கல. அவங்களாத்தான்" என்றான். அவன் முகத்தில் வெட்கமும் இருந்தது, ஆசையும் இருந்தது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்தடி அறையில் படுக்கிறவன். ஆசை இல்லை என்று சொன்னால்தான் பொய்.

வீரம்மா அடுப்பங்கரையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொந்த மண்ணில் விளைந்த கிழங்கு. கன்னையா சொல்லி முடிக்கிறவரை அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"அவ்வளவுதான? கல்யாணமாகலன்னு சொல்லணும். சொல்றேன்."

"அவ்வளவுதானாவா? கட்டின புருஷன் கல்லுக்குண்டாட்டம் ஒக்காந்திருக்கேன்."

"கல்லுக்குண்டு கெணறு வெட்டுமா? நாம வெட்டினம். எத்தன அடி?"

"பதினேழு."

"பதினேழு அடி. நீ உள்ளாற நின்னு வெட்டின, நான் மேல நின்னு இழுத்தேன். எந்தத் தாயோலிக்கும் அதத் தூக்கிக் குடுக்கமாட்டேன். சின்னையாவா இருந்தாலும் சரி, அவன் அப்பனா இருந்தாலும் சரி."

"தாலிய என்ன பண்ணுவ?"

அப்போதுதான் கத்தி நின்றது. ரவிக்கைக்கு உள்ளே கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் பார்த்தாள். குண்டுமணி அளவு தங்கம். அது எத்தனை தரம் அடகுக்குப் போய் வந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் காய்ச்சலில் போனபோது, இரண்டு தரமும் மருந்துக்குப் போய், பிள்ளைகள் திரும்பாமல் அது மட்டும் திரும்பி வந்தது.

"கழட்டி வைக்கறேன். ஒரு நாளு. கழட்டினா நீ செத்தா போயிடுவ? ஒன் மொழங்காலத் தவிர ஒனக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு குரல் இறங்கியது. "நான் சொல்லிடறேன்யா. என் வாயால சொன்னா எனக்கு உறுத்தாது. எதுக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ சொல்லாத. நீ சும்மா நில்லு. கேட்டா, செவிடன் மாதிரி நில்லு."

"சரி."

"சரின்னு சொல்லு."

"அதான் சரிங்கறேனே, புள்ள."

மூன்று வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வீரம்மா ஆபீஸ் படியில் கால் வைப்பதற்குமுன் ஒதுங்கி நின்று கயிற்றைக் கழற்றினாள். "குடு" என்று கன்னையாவின் மூங்கில் குழாயை வாங்கி, அதற்குள் போட்டு அடைப்பை அழுத்தினாள். கழுத்தில் பதினெட்டு வருஷம் வெயில் படாத ஒரு கோடு மட்டும் வெளுத்துத் தெரிந்தது. முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

துரை சின்ன வயசுக்காரர். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. வீரம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் கேட்பதை மாரிஸ் கிராணி தமிழில் சொல்லி, அவள் பதிலை இங்கிலீஷில் திருப்பினார்.

"பேரு?"

"வீரம்மா."

"அப்பா பேரு?"

"ரெங்கசாமி. செத்துட்டாரு. காப்பார் எஸ்டேட்டுல மரம் வெட்டறப்ப."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவலீங்க."

அவள் சொன்ன வேகத்தில் கன்னையாவே நம்பிவிட்டிருப்பான். 'விலை என்ன' என்று பாசாரில் கேட்டால் சொல்கிற மாதிரி.

"புள்ளைங்க உண்டா?"

இந்தக் கேள்வியை அவர்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. "பொறந்துச்சுங்க" என்றாள் வீரம்மா. "இருக்கல."

மாரிஸ் கிராணி அவளைப் பார்த்தார். முந்தானை நழுவிய இடத்தில் கழுத்துக் கோட்டைப் பார்த்தார். துரை பக்கம் திரும்பி ஒரே சொல்லில் ஏதோ சொன்னார். துரை எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பிள்ளைகளும் அடங்கிவிட்டன என்று கன்னையாவுக்குத் தெரிந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

துரை இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு இடத்தைத் தட்டினார். இரண்டிலும் விலாசம் ஒன்றுதான். ஏழாவது மைல் லயம், ஒன்பதாம் நம்பர் அறை. அதை மாற்ற வேண்டும் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை, கார்த்திகேசுவுக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கு அது ஒரு விலாசம் என்றே நினைவு வருவதில்லை.

துரை கேட்டது வீரம்மாவை அல்ல. நிமிர்ந்து கன்னையாவைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தப் பொம்பள ஒன் சம்சாரமான்னு கேக்கறார்" என்றார் மாரிஸ் கிராணி.

செவிடன் மாதிரி நிற்கச் சொல்லியிருந்தாள். கன்னையா ஒரு மூச்சு அப்படித்தான் நின்றான். துரையின் பென்சில் காகிதத்தின்மேல் காத்திருந்தது. அதே நீலப் பென்சில். அவன் கண்ணுக்குப் பதினேழு அடிக் கிணறு தெரிந்தது. கிணற்றோரம் சின்னையாவின் பிள்ளைகள் குளிப்பது தெரிந்தது.

"இல்லீங்க தொர" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். பயந்தவன் வாய் ஒரு சொல்லோடு நிற்காது.

"எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. எடம் இல்லாம ஒரே ரூமுல போட்டுட்டாங்க. அது யாரோ, நான் யாரோங்க."

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற சீனன்கூடத் திரும்பிப் பார்த்தான். மாரிஸ் கிராணி அதையும் ஒரே சொல்லில் மொழிபெயர்த்தார். துரை தலையாட்டிவிட்டு, கூலிகளை இப்படி ஆணும் பெண்ணுமாக ஒரே அறையில் அடைப்பது சரியில்லை என்று தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். வீரம்மா பெருவிரலை மசியில் ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள்.

திரும்புகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு ரப்பர் கொட்டகையில் ஒதுங்கினார்கள். கன்னையா குழாயைத் திறந்து கயிற்றை எடுத்து நீட்டினான்.

"இந்தா, போட்டுக்க."

வீரம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கறதா? நானே போட்டுக்கறதுக்கு அது பாசிமணியா?"

"சரி, நான் கட்டறேன். திரும்பு."

"இங்கயா? இந்த ரப்பர் பாலு நாத்தத்துலயா? யாரு பாக்க?"

"என்ன புள்ள நீ. நெலத்துக்காகத்தான சொன்னேன்? நீ மட்டும் ஆவலன்னு சொல்லலியா?"

"சொன்னேன். கேட்டதுக்குச் சொன்னேன். நீ கேக்காததும் சொன்ன." அவள் திரும்பினாள். கோபம் இல்லை. "இல்லன்னு ஒரு சொல்லு போதும்லய்யா. அது யாரோ, நான் யாரோன்னியே. அத எங்கேருந்து எடுத்த? உள்ளாற இல்லாமலா வந்துச்சு?"

"பயத்துல வந்துச்சு."

"இருக்கலாம். நாலுபேரு கேக்க இல்லன்ன. கட்டறதுன்னா நாலுபேரு பாக்கக் கட்டு. அதே மாரியம்மன் மரத்தடியில, கேங்கு பூரா நிக்க. அது வரைக்கும் குழாயிலயே இருக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்துக் கிராண்டு வந்தது. கார்த்திகேசு அதைப் படித்துக் காட்டினார். கிள்ளான் முக்கிம் என்கிற வட்டம், இத்தனாம் நம்பர் லாட்டு, முக்கால் ஏக்கர், ரெங்கசாமி மகள் வீரம்மா, கூலி, கலியாணமாகாதவர். "இனி இது உங்கடை காணி பிள்ளை. உம்மைக் கேளாமல் ஒருத்தரும் உதிலை கால் வைக்கேலாது" என்றார் அவளிடம். பிறகு கன்னையாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "நீரும் கேட்டுத்தான் வைக்கவேணும்" என்றார். கன்னையாவுக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

நிலத்தில் ஒரு குடிசை போட்டு லயத்திலிருந்து பெயர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கன்னையா கிள்ளான் பாசாரில் புதுக் கயிறு வாங்கி, மஞ்சள் பூசி, நேரே சின்னையாவிடம் போனான். மரத்தடிக்கு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் சின்னையாதான் கூப்பிட வேண்டும். முதல் கல்யாணத்துக்குக் கிள்ளான்வரை நடந்துபோய் மாலை வாங்கிவந்தவனும் அவன்தான்.

சின்னையா கயிற்றைப் பார்த்துவிட்டுச் சுருட்டை அணைத்தான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. அன்னிக்கு நான் ஆபீசுக்குப் போயி, இவங்க புருஷன் பொஞ்சாதி, நான் மாலை வாங்கியாந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நெலம் எனக்கு. சொன்னனா?"

"சொல்லல."

"எம் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் திட்டறா. நீ பொழைக்கத் தெரியாதவன்னு. பரவால்ல, கன்னையாண்ணன் வெட்டின கெணறுன்னு வாய மூடிக்கிட்டேன். ஆனா என் கண்ணு முன்னாடி, கேங்கு பூரா பாக்க, நீ மறுபடியும் தாலி கட்டினியன்னு வச்சிக்க. அப்ப எனக்குப் பாத்தது பாத்ததுதான். யாராச்சும் கேட்டா இல்லன்னு சொல்ல என்னால முடியாது. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு. என்னய அந்த எடத்துல கொண்டுபோயி நிறுத்தாதண்ணே."

அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று கன்னையாவால் சொல்ல முடியவில்லை. சின்னையா மிரட்டவில்லை. தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்றுதான் சொன்னான். கல்லுச் சுமக்கிறவன் கூடையைத் தூக்கிப் பார்த்து, இதற்குமேல் வைக்காதே என்கிற மாதிரி.

குடிசைக்குத் திரும்பியபோது வீரம்மா வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் கோடு வெயிலில் கறுத்து, மற்றத் தோலோடு தோலாகிவிட்டிருந்தது. கன்னையா நடந்ததைச் சொன்னான். அவள் மண்வெட்டியில் கையை ஊன்றிக் கேட்டாள்.

"அவன் சொல்றது நியாயம்" என்றாள்.

"அப்ப என்ன பண்றது? வீட்டுக்குள்ளயே கட்டிடட்டுமா? சாமி படத்துக்கு முன்னாடி?"

"வேணாம்."

"அப்ப நெலத்த விட்டுடுவமா?"

வீரம்மா சுற்றிலும் பார்த்தாள். வாழை, மரவள்ளி, கிணற்றுக் கப்பி, கூரையில் காயும் அவன் வேட்டி. விடமாட்டாள். அது அவன் கேட்பதற்குமுன்பே இருவருக்கும் தெரிந்த விஷயம். வெட்கமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சோறு வடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். "காலு வலிச்சா வெந்நி இருக்கு. ஊத்திக்க."

அவனுக்குச் சோறு போடுவதில் குறை வைக்கவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதில் குறை வைக்கவில்லை. பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் முன்போலத்தான். புதிதாக ஏதும் செய்வதற்குமுன் கன்னையா மட்டும் அவளைக் கேட்க ஆரம்பித்தான். இந்த மூலையில் ஒரு தென்னை வைக்கவா என்று கேட்டான். ஆட்டுக்கு ஒரு பட்டி அடிக்கவா என்று கேட்டான். வை என்றாள், அடி என்றாள். ஒருநாள் அவன் கேட்காமலே வேலி ஓரம் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டபோது அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நின்று பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அந்தப் பார்வை முதுகில் இருந்தது.

மூங்கில் குழாய் கூரைச் சந்தில் செருகியிருக்கிறது. அதற்குள் மூன்று சாமான். பிரெஞ்சு முத்திரை போட்ட பிறப்புக் காகிதம், ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை. கலியாணமாகாத வீரம்மாவின் கிராண்டு. குண்டுமணித் தங்கத்தோடு பழைய மஞ்சள் கயிறு. புதுக் கயிறு கன்னையாவின் இடுப்பு மடியில் இருக்கிறது. வேர்வையில் நனைந்து மஞ்சள் போய் வெளுத்துவிட்டது. வேறு வாங்கவேண்டும்.

சின்னையாவுக்கு எங்காவது ஒரு முக்கால் ஏக்கர் கிடைத்தால் மரத்தடிக்கு ஆள் கூப்பிடலாம். ஏழாவது மைல் நிலம் தீர்ந்துபோய், இனி அளக்கப்போகிற நிலத்துக்குப் போட்ட புது லிஸ்டில் அவன் பெயருக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்று மாரிஸ் கிராணி சொன்னார். கன்னையா மாதத்துக்கு ஒருதரம் முழங்கால் வலியோடு கிள்ளானுக்குப் போய், அந்தப் பதினொன்று பத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வருகிறான். இன்னும் ஆகவில்லை. நாலுபேர் பார்க்கக் கட்டவேண்டிய ஒரு தாலி, கன்னையா வீரம்மாவுக்குப் பாக்கி.